மணி அடிச்சா கதவு திறக்கும் மியூசியம்!

பௌர்ணமிக்கு ஹாஸ்டல்ல இருந்து ஒரு குரூப் திருவண்ணாமலைக்குக் கிளம்புதுன்னா, நீங்களும் கண்டிப்பா அதுல இருப்பீங்க. பக்தி பாதி, ஃப்ரெண்ட்ஸ் மீதி! இந்திர லிங்கத்துக்கிட்ட ஆரம்பிக்கும்போது இருக்கிற வேகமெல்லாம் குபேர லிங்கம் வர்றதுக்குள்ள கெண்டைக்காலுக்கு இறங்கிடும். 14 கிலோமீட்டர்னா சும்மாவா? முடிச்சுட்டு வந்து 217 அடி ராஜகோபுரத்தை செல்போன்ல அடக்கப் பார்ப்பீங்க. அடங்காது.

அடுத்த தடவை போட்டோ எடுக்கும்போது, கூட்டத்துக்கு ஓரமா எங்கேயாவது ஒரு சிவப்பு வண்டி நிக்குதான்னு பாருங்க. முக்கியமா கார்த்திகை தீபத்தன்னிக்கு.

பஞ்சபூதத் தலங்கள்ல நெருப்புக்கு உரியது இந்த ஊர். மலையையே அக்னியா கும்பிடுறாங்க. தீபத்தன்னிக்கு 2,668 அடி உயர மலை உச்சியில பிரம்மாண்டமான கொப்பரையில நெய் ஊத்தி தீபம் ஏத்துவாங்க. அடிவாரத்துல லட்சக்கணக்கான ஜனங்க கையெடுத்துக் கும்பிட்டுக்கிட்டு நிப்பாங்க. அதே கூட்டத்துக்குள்ள, எங்கேயாவது பத்திக்கிட்டா ஓடிப்போய் அணைக்கிறதுக்குன்னு காக்கி போட்ட சிலர் மேலே பார்க்காம நம்மளையே பார்த்துக்கிட்டு இருப்பாங்க. தீயைக் கும்பிடுற இடம் நமக்குப் பாரம்பரியம். சரி, தீயை அணைக்கிறவங்க இடம்?

"ஃபயர் ஸ்டேஷனெல்லாம் ஒரு பாரம்பரியச் சின்னமா பாஸ்?"னு சிரிப்பு வருதுல்ல? சிங்கப்பூர்ல யாரும் சிரிக்க மாட்டாங்க.

லிட்டில் இந்தியாவுல தோசையை முடிச்சுட்டு, எம்.ஆர்.டி. ரயில்ல சிட்டி ஹால் ஸ்டேஷன்ல இறங்கி கொஞ்சம் நடந்தா ஹில் ஸ்ட்ரீட். சிவப்புச் செங்கலும் வெள்ளைப் பட்டையும் மாறி மாறி வர்ற ஒரு கட்டடம் உங்களை நிறுத்திடும். இந்த ஸ்டைலுக்கு 'ரத்தமும் பேண்டேஜும்'னு அர்த்தம் வர்ற ஒரு செல்லப்பேரே இருக்கு! 1909-ல திறந்த மத்திய தீயணைப்பு நிலையம். அந்த ஊர்ல இன்னிக்கு நிக்கிற தீயணைப்பு நிலையங்கள்லேயே பழசு இதுதான்.

மேலே ஒரு கோபுரம். அழகுக்குத்தான்னு நினைச்சா நீங்க ஆர்க்கிடெக்சர் படிக்கலைன்னு அர்த்தம். போன் அரிதா இருந்த காலத்துல, உச்சியில ஒருத்தர் நின்னு ஊர்ல எங்கே புகை வருதுன்னு பார்த்துக்கிட்டே இருப்பார். இன்னொரு வேலையும் அந்தக் கோபுரத்துக்கு உண்டு. அந்தக் காலத்து ஹோஸ் பைப்பை ஈரத்தோட சுருட்டி வெச்சா உளுத்துப் போயிடும். அதனால நெருப்பை அணைச்சுட்டு வந்ததும், நீள நீளமா கோபுரத்துல தொங்கவிட்டுக் காயவைப்பாங்க. நம்ம மொட்டை மாடிக் கொடியில வேட்டி காயற மாதிரிதான், உசரம் மட்டும் ஜாஸ்தி! பெரிய பெரிய கதவுகள் வண்டி நுழைய. மாடியில வீரர்களும் குடும்பங்களும் தங்க வீடுகள். மணி அடிச்சா படி இறங்குற நேரம்கூட வீணாகக் கூடாதுன்னு சறுக்கி இறங்க ஒரு கம்பம். எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்தக் கட்டடம் சொல்ற ஒரே விஷயம் அவசரம்.

1998 டிசம்பர்ல இதைத் தேசிய நினைவுச்சின்னமா அறிவிச்சாங்க. 2001-ல கீழே ஒரு காட்சிக்கூடம் திறந்தாங்க. குதிரை இழுத்த நீராவி பம்பு முதல், 1961-ல ஏறக்குறைய 16,000 பேரை வீடில்லாம ஆக்கின புக்கிட் ஹோ சுவீ தீவிபத்து வரைக்கும் அங்கே கதை இருக்கு.

இதுல எனக்குப் பிடிச்ச விஷயம் இனிமேத்தான். நினைவுச்சின்னம்னு அறிவிச்சு, பூட்டுப் போட்டு, 'தொடாதே' போர்டு மாட்டலை. அது இன்னிக்கும் ஓடுற ஸ்டேஷன்! நீங்க காட்சிக்கூடத்துல பழைய பம்பைப் பார்த்துக்கிட்டிருக்கும்போதே பக்கத்துல இருந்து புது வண்டி சைரன் போட்டுக்கிட்டுக் கிளம்பலாம்.

இதுக்கு நேர் எதிரா ஒண்ணு ஜெர்மனியில இருக்கு. ஜாஹா ஹதீத்துக்குப் பேர் வாங்கிக் கொடுத்த முதல் பெரிய கட்டடமே 1993-ல முடிஞ்ச ஒரு தீயணைப்பு நிலையம்தான். விட்ரா ஃபர்னிச்சர் தொழிற்சாலை வளாகத்துல கத்தி மாதிரி கூரான கான்கிரீட். சில வருஷத்துலேயே தீயணைப்புப் படை காலி பண்ணிட்டுப் போயிடுச்சு. இப்போ கண்காட்சி நடக்குது. கட்டடம் என்னவோ சூப்பர்தான். ஆனா மணி அடிக்காது.

ஹில் ஸ்ட்ரீட்ல இருந்து ஆத்தைத் தாண்டி கொஞ்ச தூரம் நடந்தா சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயில். 1827-ல ஆரம்பிச்சது. வருஷா வருஷம் தீமிதி. இதுவும் 1973 முதல் தேசிய நினைவுச்சின்னம்! பூசை நிக்கலை, பூக்குழி அணையலை. ஒரே ஊர்ல தீயை மிதிக்கிற இடமும் சின்னம், தீயை அணைக்கிற இடமும் சின்னம், ரெண்டுமே வேலையில!

இப்போ திருவண்ணாமலைக்குத் திரும்பி வாங்க. 2002-ல அண்ணாமலையார் கோயிலைத் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த சின்னமா எடுத்துக்க மத்திய தொல்லியல் துறை இறங்கினப்போ ஊரே எதிர்த்தது. போராட்டம், கோர்ட்டுன்னு போய் கடைசியில அந்த முடிவு கைவிடப்பட்டது. கோயிலைப் பாதுகாக்க வேணாம்னு அந்த ஜனங்க சொல்லலை. பாதுகாக்கிறேன்னு சொல்லி எங்களைக் கோயில்ல இருந்து பிரிச்சுடாதேன்னுதான் பயந்தாங்க. என்னைக் கேட்டா, அதுல நியாயம் இருக்கு. நம்ம ஊர்ல 'பாரம்பரியச் சின்னம்'னா மனசுல வர்றது புல்தரை, கம்பிவேலி, டிக்கெட் கவுன்டர்தானே? வேலை செய்துக்கிட்டே சின்னமா இருக்க முடியும்னு காட்ட தீயணைப்பு நிலையத்தைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

நாம என்ன பண்றோம்? எழும்பூர்ல பழைய போலீஸ் கமிஷனர் ஆபீஸ் 2021-ல அருமையான மியூசியமா மாறினதைப் பார்த்து சந்தோஷப்பட்டோம். ஃபயர் ஸ்டேஷன் பக்கம் யாரும் திரும்பலை. இத்தனைக்கும் நம்ம பாரம்பரியக் கட்டடங்களுக்காக உயிரைக் கொடுத்தவங்க அவங்க. 2012 ஜனவரி 16, பொங்கல் லீவு. சேப்பாக்கம் எழிலகத்துல 1768-ஐச் சேர்ந்த கலஸ் மகால் பத்திக்கிட்டது. உள்ளே போனவங்க மேல கட்டடம் இடிஞ்சு விழுந்து ஒரு வீரர் இறந்தார். முன்னே நின்ன அதிகாரி பிரியா ரவிச்சந்திரனுக்குப் பலத்த தீக்காயம். கலஸ் மகாலைப் பின்னால பழைய மாதிரியே சீரமைச்சாங்க.

திருவண்ணாமலையிலேயே, 2024 டிசம்பர் 1-ம் தேதி ஃபெஞ்சல் புயல் மழையில மலையடிவாரத்து வ.உ.சி. நகர்ல மண்ணும் பாறையும் சரிஞ்சு ஏழு பேர் இறந்தாங்க. அஞ்சு பேர் குழந்தைங்க. தேசியப் பேரிடர் மீட்புப் படையோட சேர்ந்து அந்தச் சேத்துல இறங்கினது தீயணைப்புக்காரங்க. அதே மாசம் 13-ம் தேதி, அந்த மலை மேல தீபம் ஏறுச்சு. அன்னிக்கும் அவங்களுக்கு டியூட்டி.

உங்க ஊர் ஸ்டேஷனை எப்பவாவது உத்துப் பார்த்திருக்கீங்களா? அது நூறு வருஷத்துக் கட்டடமா இருக்கணும்னு இல்லை. நம்ம அப்பா ஸ்கூல் போன காலத்து கான்கிரீட் கட்டடமா இருந்தாலும், வண்டிக் கொட்டகை, டிரில் கிரவுண்ட், தண்ணித் தொட்டி, டியூட்டி போர்டுன்னு அதுக்குள்ள ஒரு ஊரோட கதை இருக்கு. புதுசு கட்டுறேன்னு ஒருநாள் ஜே.சி.பி. வந்தா, நம்மகிட்ட அதோட ஒரு நல்ல போட்டோகூட இருக்காது.

ஏப்ரல் 14-ல சான்ஸ் இருக்கு. 1944-ல அதே தேதியில பம்பாய் துறைமுகத்துல ஃபோர்ட் ஸ்டிகைன் கப்பல் வெடிச்சதுல இறந்த 66 தீயணைப்பு வீரர்கள் நினைவா அன்னிக்கு ஆரம்பிச்சு ஒரு வாரம் தீத்தொண்டு வாரம். நாலு பேர் சேர்ந்து போய் நிலைய அலுவலர்கிட்ட பர்மிஷன் கேளுங்க. சிவில், ஆர்க்கிடெக்சர் பசங்க டேப் பிடிச்சு அளந்து வரைபடம் போடுங்க. தமிழ், ஹிஸ்டரி பசங்க ரிட்டயர்டு வீரர் ஒருத்தரைத் தேடிப் பிடிச்சு, டீ வாங்கிக் கொடுத்து, பேசவிட்டு எழுதிக்கோங்க.

வாசல்ல நின்னு குரூப் போட்டோவும் எடுக்கலாம். கதவுக்கு நேரா மட்டும் நிக்காதீங்க. மணி அடிச்சா, நீங்க சிரிச்சு முடிக்கிற வரைக்கும் அந்த வண்டி காத்துக்கிட்டு இருக்காது!