காதைத் தொடும் வயது

மைதாப் பசை காய்ச்சி ஒருநாள் ஆனால் ஒரு புளிப்பு வாசனை வரும், சிவகாசிப் பக்கத்து ஆட்களுக்கு அது தூக்கத்திலும் தெரியும். பேரனுக்கு இடம் பார்க்க மகளோடு ஓர் எல்கேஜி வகுப்புக்குள் நுழைந்தபோது, சுவரில் ஒட்டியிருந்த காகித யானையிலிருந்து அந்த வாசனை வந்தது, ஜன்னலுக்குத் திரை போட்டு வெயிலை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே டியூப்லைட் எரிந்தது, பிள்ளைகள் ‘ஸ்டாண்டிங் லைன், ஸ்லீப்பிங் லைன்’ போட்டுக்கொண்டிருந்தார்கள், ஒரு சின்னப்பெண் பென்சிலை முழுக்கையால் இறுக்கிப் பிடித்து, தாள் கிழிகிற மாதிரி அழுத்திக்கொண்டிருந்தாள். பேரனுக்கு ஜூலைக் கடைசியில்தான் மூன்று முடிகிறது, இந்த ஜூனில் சேர்ப்பதா, ஒரு வருஷம் பொறுப்பதா என்பதுதான் வீட்டில் பேச்சு.

அந்த வாசனை என்னைத் திருத்தங்கலில் அம்மாச்சி வீட்டுத் திண்ணைக்குக் கொண்டுபோனது. கொட்டாங்கச்சியில் பசை, பூச்சி அரிக்காமலிருக்க அதில் கொஞ்சம் மயில்துத்தம், முருங்கை இலைக்குள் புகுந்து வரும் சாயங்கால வெளிச்சம், முற்றம் முழுக்கக் காயும் தீப்பெட்டிகள். அம்மாச்சி ஆட்காட்டி விரலால் மட்டும் பசை தொடுவாள், மற்ற விரல்கள் சுத்தமாக இருக்கும், பேசும்போதும் கை நிற்காது, ஒரு குரோசு, அதாவது 144 பெட்டி முடிந்ததும் சுவரில் கரித்துண்டால் ஒரு கோடு கிழிப்பாள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குப் பெயர் எழுதத் தெரியுமுன் அடிப்பெட்டி மடிக்கத் தெரிந்திருந்தது. விடியுமுன் தெருமுனையில் தீப்பெட்டி ஆபீஸ் வண்டியின் ஹாரன் கேட்கும், தூங்குகிற பிள்ளையைத் தோளில் போட்டுக் கொண்டுபோய் வண்டிக்குள் விட்டுவருவார்கள், அங்கே நாளெல்லாம் தீக்குச்சிகளைக் கட்டையில் அடுக்கிவிட்டு, இருட்டிய பிறகு அதே வண்டியில் திரும்பும்.

அதனால்தான் அம்மாச்சி என்னைச் சீக்கிரமே பள்ளிக்கூடத்துக்கு இழுத்துப்போனாள். வலதுகையைத் தலைக்கு மேலே சுற்றி இடதுகாதைத் தொட வேண்டும், எனக்கு எட்டவில்லை. “இன்னும் கை எட்டலையேம்மா” என்றார் பெரிய வாத்தியார். “எட்டிரும்யா, நீங்க பேரை எழுதுங்க, வெளிய நின்னா இதையும் வண்டியில ஏத்திருவாக” என்றாள் அம்மாச்சி. அவர் கொஞ்சநேரம் அவளைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மைக்கூட்டைப் பக்கத்தில் இழுத்து, ஜூனில் ஒரு தேதியை எனக்குப் பிறந்தநாளாக எழுதினார், சான்றிதழில் இன்றும் அதுதான் இருக்கிறது.

விருதுநகருக்குப் போனால் தாத்தாவோடுதான், மல்லியும் வத்தலும் நல்லெண்ணெயும் கலந்து வரும் பஜார் நெடியில் தும்மிக்கொண்டே நடப்பேன், சத்திரிய வித்தியாசாலை பக்கம் வந்ததும் தாத்தா தோள்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொள்வார். வீடு வீடாகப் பிடி அரிசி வாங்கி நடத்திய பள்ளிக்கூடம் அது, உலை வைக்குமுன் ஒரு பிடியைத் தனியே எடுத்துவைப்பார்களாம். அங்கே படித்த காமராஜர் பன்னிரண்டு வயதுவாக்கில் படிப்பை விட்டுவிட்டு மாமா துணிக்கடையில் நின்றவர், முதலமைச்சரான பிறகு 1956இல் மதிய உணவைத் தொடங்கினார், 1982இல் எம்.ஜி.ஆரின் சத்துணவு பால்வாடிப் பிள்ளைகளுக்கும் சோறு போட்டது. பட்டாசு வேலைக்குப் போன எத்தனையோ தாய்மார்களுக்குப் பிள்ளையை விட்டுப்போக அந்தப் பால்வாடிதான் இருந்தது.

பிள்ளைகளை ஏற்றிய அந்த வண்டி லேசில் நிற்கவில்லை. 1986இல் பிள்ளைகளை வேலைக்கு வைப்பதைத் தடுக்கச் சட்டம் வந்தது, 1996இல் உச்ச நீதிமன்றம் சிவகாசி வழக்கில், வேலைக்கு வைத்த ஒவ்வொரு பிள்ளைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றது. அம்மாச்சியின் அவசரத்துக்குக் காரணம் இருந்தது. மகளின் அவசரத்துக்கு, எதிர்வீட்டுப் பையன் சேர்ந்துவிட்டான், சீட்டு முடிந்துவிடும் என்பதைத் தவிர வேறொன்றும் எனக்குத் தெரியவில்லை. அன்று பிள்ளையை வேலையிலிருந்து காப்பாற்றியது பள்ளிக்கூடம், இன்று அந்தப் பள்ளிக்கூடமே மூன்று வயதில் வேலை கொடுக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் மகளிடம் சொன்னேன், ஒரு வருஷம் பொறு. அடுத்த ஜூனில் சேர்த்தால் ஒன்றாம் வகுப்புக்குப் போகும்போது ஆறை ஒட்டி நிற்பான், நம் மாநிலத்தில் அதற்கு ஐந்து போதும், 2020இன் தேசியக் கல்விக் கொள்கை ஆறு என்கிறது, எந்தக் கணக்கிலும் அவனுக்கு நஷ்டமில்லை. அதுவரை தெருமுனை அங்கன்வாடிக்குப் போகட்டும், பாடட்டும், முட்டை சாப்பிடட்டும், மண்ணில் விளையாடட்டும்.

புருஷனும் பெண்டாட்டியும் பட்டாசு ஆலைக்குப் போகிற வீடுகளில் பொறுத்திரு என்று சொல்வது லேசில்லை, பிள்ளையை யாரிடம் விடுவது என்பார்கள், நியாயம்தான். அவர்களுக்கும் சொல்வது இதைத்தான்: இரண்டு வயது முடிந்த பிள்ளையை அங்கன்வாடியில் கட்டணம் இல்லாமல் சேர்த்துக்கொள்கிறார்கள், எல்கேஜிக்குப் பணம் கட்டுமுன் உங்கள் தெருவில் இருப்பதை ஒருதரம் போய்ப் பாருங்கள்.