கிரில் கேட்டும் செம்புத் தகடும்

ஜனவரி வந்தால் அத்திபெலேயில் காற்று காய்ந்து போய்விடும். உதடு வெடிக்கும், முடி பறக்கும். போன ஜனவரியில் ஒரு காலை, கம்பளியை உதறிவிட்டு எழுந்து போன மகள் கிரில் கேட்டைத் தொட்டாள். "சுளீர்!" "அப்பா, கேட்ல கரண்ட் பாயுது!"

பி.காம். படித்த நான் என்னத்தைச் சொல்ல? அவளுடைய அறிவியல் புத்தகத்தைப் புரட்டினேன். அட, நம்ம லெட்ஜர்தான்! சீப்பால் தலை வாரினால் முடியிலிருந்து எலக்ட்ரான்கள் சீப்புக்குப் போகின்றன. முடியில் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு சீப்பில் ஏறுகிறது. ஒரு பக்கம் டெபிட், மறுபக்கம் கிரெடிட். மொத்தத்தில் ஒரு பைசா கூடாது, குறையாது. ஓடாமல் அங்கேயே தங்குவதால் நிலைமின்சாரம். ஈரக் காற்று என்றால் மெல்லக் கசிந்துவிடும். காய்ந்த காற்றில் உடம்பிலேயே தேங்கி, இரும்பைத் தொட்டதும் ஒரே நொடியில் செட்டில்மெண்ட்! நமக்குச் சுளீர் என்று உறைக்கவே சுமார் 3,000 வோல்ட் வேண்டுமாம். ஆனால் அதிலுள்ள ஆற்றல் மிகக் குறைவு. ஆளுக்கு ஒன்றும் ஆகாது.

அன்று ராத்திரி ஊருக்குப் போன் போட்டபோது அக்காவிடம் இதைச் சிரித்துக்கொண்டே சொன்னேன். சிவகாசிப் பக்கம் பட்டாசு ஆலையில் இருபது வருஷம் வேலை பார்த்தவள். அவள் சிரிக்கவில்லை.

"அந்தப் பொறிதான் தம்பி எங்களுக்கு எமன். மருந்து ரூம் வாசல்ல செம்புத் தகடு இருக்கும். அதைத் தொட்டுட்டுத்தான் உள்ள போவோம். நைலான் சேலை கட்டவே கூடாது, பருத்திதான்."

உடம்பில் சேர்ந்ததைத் தகடு வழியாகப் பூமிக்கு அனுப்பிவிடுகிறார்கள்! நம்மைத் துள்ள வைக்கிற அதே பொறி, கொட்டிக் கிடக்கும் வெடிமருந்தைப் பற்ற வைக்கப் போதும்.

போனை வைத்த பிறகு தூக்கம் வரவில்லை. 2023 அக்டோபர் 7. இதே அத்திபெலேயில் பட்டாசுக் கிடங்கு எரிந்து பதினான்கு பேருக்கு மேல் போய்விட்டார்கள். பலர் தருமபுரி போன்ற நம் மாவட்டங்களிலிருந்து தீபாவளி சீசனுக்கு நாலு காசு பார்க்க வந்த பையன்கள். அந்தத் தீ நிலைமின்சாரத்தால் வந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அக்காவுக்குக் கற்றுக்கொடுத்த மாதிரி, சீசன் வேலைக்கு வரும் பிள்ளைகளை உட்கார வைத்து யார் சொல்லிக்கொடுக்கிறார்கள்?

அப்படிப்பட்ட பையன்கள் வீட்டுக்குப் பணம் அனுப்ப என் கவுண்டருக்கும் வருவார்கள். இத்தனை வருஷமாக நான் கேட்டதெல்லாம் கணக்கு எண்ணும் கையெழுத்தும்தான்.

இந்த வருஷம் ஒரு பையன் பட்டாசு லோடு இறக்கப் போவதாகச் சொன்னான். பளபளவென்று பாலியஸ்டர் சட்டை.

"தம்பி, காட்டன் சட்டை இருக்கா? அதைப் போட்டுக்க. உள்ள போனதும் வெளிய வர்ற வழி எங்கன்னு முதல்ல பாத்து வச்சுக்க."

"சரி சார்" என்று ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனான். பரவாயில்லை. இனி வருகிற ஒவ்வொருத்தனிடமும் சொல்லத்தான் போகிறேன்.