நீரரமகளிரும் விஞ்ஞானப் புனைகதையும்

விஞ்ஞானப் புனைகதை பற்றிப் பேச்செடுத்தால், அது சிறுவர்க்குரியது என்பார் சிலர். வாழ்க்கையினின்றும் தப்பி ஓடுவார்க்குரியது என்பார் வேறு சிலர். இரண்டாவது கூற்று இலேசில் ஒதுக்கத்தக்கதன்று. க. கைலாசபதியும் கா. சிவத்தம்பியும் வளர்த்த ஈழத்து விமர்சன மரபு, இலக்கியம் சமூக யதார்த்தத்துக்குப் பொறுப்புக்கூற வேண்டும் என்றது. சாதியும் வறுமையும் கதைப்பொருளாவதற்கு அம்மரபு துணைநின்றது. அதற்கு நாம் கடமைப்பட்டுள்ளோம். போரையும் 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையையும் கண்ட எமது மாவட்டத்திலோ, எழுத வருபவனிடம் முதலில் வேண்டப்படுவது சாட்சியமே. இல்லாத உலகொன்றைப் படைக்க விரும்பும் என்போன்றோர் கூச்சத்துடன் நிற்க நேர்கிறது.

ஆயினும் மட்டக்களப்பு வாவியின் இசையைப் பாடியவர் யார்? காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள், விஞ்ஞானப் பட்டதாரி. 1947இல் வெளிவந்த யாழ்நூலில் பண்டைய யாழ்களின் சுருதிகளைக் கணித வழியால் ஆராய்ந்தவர். அதே நூலில் வாவியில் இசைபாடும் நீரரமகளிரையும் படைத்தார். கல்லடிப் பாலத்தருகே நிலாக்காலத்தில் நீரடியிலிருந்து எழும் ஒலி மீனுடையது என்பாருமுளர், ஊரியினுடையது என்பாருமுளர். அடிகள் அவ்வழக்கைத் தீர்க்கப் புகவில்லை. கணக்கும் கற்பனையும் ஒரு நூலில் அடுத்தடுத்து இருப்பதில் அவருக்குச் சங்கடம் இருந்ததாகத் தெரியவில்லை. சங்கடம் பிற்காலத்து எமக்கே.

1956 முதல் இலங்கையில் வாழ்ந்து 2008இல் மறைந்த ஆர்தர் சி. கிளார்க், ‘தி பவுண்டன்ஸ் ஒவ் பரடைஸ்’ (1979) என்னும் நாவலில், விண்ணுக்கு ஏறும் கோபுரத்தை நிறுவுவதற்காக இத்தீவையே எண்ணூறு கிலோமீற்றர் தெற்கே நகர்த்திப் பூமத்தியரேகைமேல் வைத்தார். ஹியூகோ, நெபுலா ஆகிய இரு பரிசில்களும் அதற்குக் கிடைத்தன. விரும்பிப் படித்தேன், எனினும் அங்கே கோபுரமே நாயகன், தீவு அதன் அடித்தளம்.

கொழும்பைச் சேர்ந்த வஜ்ர சந்திரசேகரவின் ‘தி செயின்ற் ஒவ் பிறைற் டோர்ஸ்’ (2023) வேறு வகையது. 2024இல் நெபுலா பரிசில் பெற்ற இந்நாவலில், பிறந்தவுடன் நிழல் பறிக்கப்பட்டு, தந்தையைக் கொல்வதற்கென்றே வளர்க்கப்பட்ட ஒருவன், திறக்கவொண்ணாக் கதவுகள் நிறைந்த நகரொன்றில் வாழ்கிறான். இனமும் சாதியும் மனிதரை அங்கே வகைபிரிக்கின்றன, படுகொலைகள் நிகழ்கின்றன, தடுப்புமுகாம்கள் நீண்டு கிடக்கின்றன. இதையா தப்பியோடல் என்பது? கைலாசபதியின் அளவுகோலால் அளந்தாலும் இந்நாவல் தேறும் என்பது என் துணிபு. பெயர் மாற்றப்பட்ட ஊரில்தான் சிலவற்றைச் சொல்ல இயலும் போலும்.

பரிசில்களை மட்டும் நம்பியிருத்தல் ஆகாது. நெபுலாவுக்கு வாக்களிப்போர் அமெரிக்காவை மையமாகக் கொண்ட ஓர் எழுத்தாளர் சங்கத்தினர். சீன எழுத்தாளர் லியூ சிஷின் 2015இல் ஹியூகோ பெற்றதும் ஆங்கில மொழிபெயர்ப்பின் வழியாகவே. தமிழில் சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’வை வாசித்தோர் பலர், அதனை நாவலென மதித்து ஆராய்ந்தோர் மிகச் சிலர். எமது விமர்சன வகுப்புகளில் அந்நாவலையும் யாழ்நூலின் நீரரமகளிரையும் ஒருசேர வைத்து ஒரு கட்டுரையேனும் எழுதப்படுமாயின், அதனை முதலில் வாசிப்பவன் நானாக இருப்பேன்.