ஆபத்து வந்தால் நீதி மாறுமோ?

"காலத்துக்கேற்ப நீதியும் மாறும்; நாட்டுக்கு ஆபத்து என்றால் நேற்றைய நியாயம் இன்று உதவாது." எங்கள் பள்ளி ஆசிரியர் அறையில் மூத்த நண்பரொருவர் அடிக்கடி அருளும் வாக்கு இது. அருள்வாக்கு எதுவாயினும் ஐயுற்றுப் பார்ப்பது என் பழக்கம். எனினும் இதனை எடுத்த எடுப்பில் தள்ளிவிட இயலவில்லை. மனு வகுத்ததே மாறா நீதி என்று மார்தட்டியோரை நோக்கி, 'மாறும், மாற்றுவோம்' என்று முழங்கியவர்கள் நாமன்றோ? அங்ஙனமிருக்க, ஆபத்தும் நீதியை மாற்றும் என்பாரை எந்த முகத்தோடு மறுப்பது?

1976-ஆம் ஆண்டைப் பாருங்கள், தோழர்களே! நெருக்கடி நிலை நாட்டைக் கவ்வியிருந்த நேரம். 1971-இல் உள்நாட்டுப் பாதுகாப்பின் பெயரால் பிறந்த மிசா, விசாரணையின்றிப் பல்லாயிரவரைச் சிறையிலடைத்திருந்தது. 'எங்களை ஏன் அடைத்தீர்?' என்று அவர்கள் ஆட்கொணர்வு மனுவோடு வந்தனர். கேட்கலாம் என்றன ஒன்பது உயர்நீதிமன்றங்கள். வழக்கு உச்சநீதிமன்றம் ஏறியது. காவல் அதிகாரி ஒருவர் சொந்தப் பகைக்காக ஒருவரைக் கொன்றுவிட்டால் பரிகாரம் உண்டா என்று நீதிபதி கன்னா வினவினார். நெருக்கடி நிலை நீடிக்கும்வரை இல்லை என்று அரசின் தலைமை வழக்கறிஞர் நிரேன் டே விடையிறுத்தார். உயிருக்கே பரிகாரமில்லை எனில் உரிமைக்கு ஏது? ஆயினும் ஏப்ரல் 28-ஆம் நாள் நீதிபதிகள் நால்வர் அரசின் பக்கம் நின்றனர். எச்.ஆர். கன்னா ஒருவரே மறுத்து எழுதினார். 1977-இல் அவரைத் தாண்டி இளையவருக்குத் தலைமை நீதிபதிப் பதவி போயிற்று, அவர் விலகினார்.

நால்வரும் அந்த ஒருவரும் வாழ்ந்தது ஒரே காலம். அமர்ந்தது ஒரே மன்றம். அவர்கள் முன் நின்றதும் ஒரே ஆபத்து. நீதியை மாற்றுவது காலமே என்றால், ஐவரையும் அல்லவா அது மாற்றியிருக்க வேண்டும்? 1941-இல், செருமானியர் குண்டுகளால் சிதைந்திருந்த இலண்டனிலும் இதே கணக்குத்தான். அமைச்சர் நம்பினால் போதும், காரணத்தை ஆராயோம் என்றனர் பிரபுக்கள் அவை நீதிபதிகள் நால்வர்; ஒப்பவில்லை அட்கின் பிரபு ஒருவர்.

நம் நாட்டில், எந்த நெருக்கடியிலும் உயிருரிமையைக் கேட்கும் வழி அடைபடலாகாது என்று 1978-இல் அரசியல் சட்டம் திருத்தப்பட்டது. 2017-இல் ஒன்பது நீதிபதிகள் அமர்வு பழைய தீர்ப்பைத் தவறென்று தள்ளியது. தவறென்று எழுதியவருள் ஒருவர், அந்த நால்வரில் ஒருவரின் மகன்! புதிய நீதி ஏதும் பிறந்துவிடவில்லை. கன்னா 41 ஆண்டுகளுக்கு முன் சொன்னதன் பக்கம் மன்றம் வந்து சேர்ந்தது.

ஆபத்து பொய்யென்று நான் கூறவில்லை. போர்க்காலத்தில் விளக்கை அணை என்று அரசு ஆணையிடட்டும், அணைப்போம். வினாவை அணை என்றால்? மனுவின் நீதியை நாம் மாற்றப் புகுந்தது, கேட்க உரிமையற்றோர் கேட்பதற்காக. ஆபத்தைக் காட்டி மாற்றுவோர், கேட்டுக்கொண்டிருந்தோரின் வாயை அடைக்கிறார்கள். இரண்டையும் 'மாற்றம்' என்ற ஒரே சொல்லால் சுட்டுவது மொழியின் வறுமை, வேறென்ன?

பழங்கதை என்பீரேல், தமிழ்நாட்டின் 1982-ஆம் ஆண்டுத் தடுப்புக் காவல் சட்டத்தைக் காண்க. குண்டர் சட்டம் என்பது மக்கள் இட்ட பெயர். போர் வேண்டியதில்லை, நெருக்கடி நிலையும் வேண்டியதில்லை. 'பொது ஒழுங்கு' என்ற இரு சொற்கள் போதும், ஓராண்டுவரை விசாரணையின்றி அடைக்கலாம். எக்கட்சி ஆண்டபோதும் இதனை எடுத்தெறியவில்லை.

சென்ற ஆண்டு, என்னிடம் பயின்ற ஒருவனின் தாய் தடித்த தாள்கட்டு ஒன்றோடு வந்தார். "என் மகன் என்ன செய்தான் என்று இதில் எழுதியிருக்கிறதா, என்ன செய்வான் என்று எழுதியிருக்கிறதா, ஐயா?" என்றார். சட்டம் படித்தோர் பலர் இவ்வளவு தெளிவாகக் கேட்டதில்லை. இரண்டுமே இருந்தன. செய்ததாகச் சொல்லப்பட்டதற்கு வழக்கு தனியே நடந்தது. செய்யக்கூடும் என்பதற்காகவே இச்சிறை.

அன்றிரவே அரசுக்கு முறையீடு எழுதிக் கொடுத்தேன். அறிவுரைக் குழுமத்தின் முன் வழக்கறிஞரை அமர்த்திக்கொள்ள அவர் மகனுக்கு உரிமையில்லை என்பதையும் அவரிடம் சொல்ல வேண்டியிருந்தது.