கர்சர் காணாமல் போன ராத்திரி

விடிவதற்குள் கட்டுரையை அனுப்ப வேண்டும். ராத்திரி பத்தரை மணிக்கு எங்கள் கர்சர் காணாமல் போய்விட்டது.

2023. மலையகத் தமிழர் இங்கே வந்து 200 வருசம் என்று எங்கும் பேச்சு. தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரைக்கும் நடைபயணம்கூட நடந்தது. நம்ம பங்குக்கு ஒரு கட்டுரையாவது எழுதுவோமே என்று நாலு பேர் ஒரே ஆன்லைன் கோப்பில் எழுதிக்கொண்டிருந்தோம். டயகமவில் மூணு பேர், ஒரு காம்பராவில், ஒரே லெப்டொப்பில். நாலாவது ஆள் கொழும்பில், கடை வேலை முடிந்த பிறகு போனில்.

கட்டுரையின் நடுவில் அப்பாயி பேசியதை அப்படியே போட்டிருந்தோம். 1948ஆம் ஆண்டு பிரஜாவுரிமைச் சட்டம் தன்னுடைய குடும்பத்தை நாடில்லாத ஆட்களாக்கிய கதையை அவர் சொல்லியிருந்தார்.

டைப் பண்ணினால் எழுத்து விழுகிறது. எங்கே விழுகிறது என்றுதான் தெரியவில்லை. மினுங்குகிற அந்தக் கோட்டைக் காணோம். க்ளிக் பண்ணிப் பார்த்தோம், ரிஃப்ரெஷ் பண்ணினோம், லெப்டொப்பை ஓஃப் பண்ணி ஓன் பண்ணினோம். ம்ஹூம். சரி, குத்துமதிப்பாக எழுதுவோம் என்று தொடர்ந்தோம்.

அங்கேதான் பிழை விட்டோம். பேக்ஸ்பேஸைத் தட்டினால் நாங்கள் நினைத்த இடத்தில் ஒன்றும் அழியவில்லை. அழிந்தது அப்பாயியின் வசனத்தில். அவர் சொன்னது, "எங்களுக்குப் பிரஜாவுரிமை கெடைக்கல." இப்போது திரையில் இருந்தது, "எங்களுக்குப் பிரஜாவுரிமை கெடைக்க." ஒரே ஒரு 'ல'தான் போனது. ஆனால் அந்த 'ல'வில்தான் கதையே இருக்கிறது.

இதை நாங்கள் கவனிக்கவே இல்லை. கொழும்பிலிருந்து கோல் வந்தது. "ஏய், அப்பாயி பேசுற பந்தியில நின்னுக்கிட்டு என்னடா பண்றீங்க?"

எங்கள் இடம் எங்களுக்குத் தெரியவில்லை, அவனுக்குத் தெரிந்தது. கூட்டாக எழுதும் கோப்பில் ஒவ்வொருவரின் கர்சரும் மற்றவர்களுக்குக் கலரில், பெயரோடு தெரியும். நம்முடையது மட்டும் நமக்கு வெறும் கறுப்புக் கோடு.

கறுப்புக் கோடு! அப்போதுதான் பிடிபட்டது. எங்கள் பக்கமும் கறுப்பு. விடிய அம்மா பிரட்டுக்குப் போகணும், வெளிச்சம் அவர் கண்ணில் அடிக்கக்கூடாது என்று பிரவுசரில் டார்க் மோட் எக்ஸ்டென்ஷன் ஒன்றைப் போட்டிருந்தோம். அது பக்கத்தைக் கறுப்பாக்கியது, எழுத்தை வெள்ளையாக்கியது, கர்சரை மட்டும் விட்டுவிட்டது. பத்தாததற்கு, சின்னத் திரையில் முழுப் பக்கமும் தெரியட்டும் என்று பிரவுசர் ஸூமை 80 சதவீதத்துக்குக் குறைத்திருந்தோம். ஏற்கெனவே மெல்லிய கோடு அது. இன்னும் சுருங்கினால் சில இடங்களில் கண்ணுக்கே தெரியாமல் போய்விடும்.

உங்களுக்கும் இப்படி நடந்தால், நாங்கள் செய்ததைச் செய்து பாருங்கள்.

முதலில் எழுதுவதை நிறுத்துங்கள். ஷிஃப்டை அழுத்திக்கொண்டு அம்புக்குறி விசையைத் தட்டுங்கள். பக்கத்து எழுத்து நிறம் மாறும். நீங்கள் நிற்கிற இடம் அதுதான். பிறகு கன்ட்ரோலோடு பூச்சியத்தைத் தட்டினால் பிரவுசர் ஸூம் 100க்கு வரும். பக்கத்தைச் சிறிதாக்க வேண்டுமென்றால் கோப்பின் மேலே இருக்கிற ஸூமைப் பாவியுங்கள். அதற்கும் சரிவராவிட்டால் இன்கொக்னிட்டோ ஜன்னலில் திறந்து பாருங்கள். அங்கே எக்ஸ்டென்ஷன்கள் வழமையாக வேலை செய்யாது. கர்சர் அங்கே தெரிந்தால், குழப்பம் எக்ஸ்டென்ஷனில்தான். அந்தத் தளத்துக்கு மட்டும் அதை ஓஃப் பண்ணினால் போதும். விண்டோஸ் செட்டிங்ஸில் கர்சரைத் தடிப்பாக்கிப் பார்த்து ஏமாற வேண்டாம். இப்படியான எடிட்டர்கள் பல, கர்சரைத் தாங்களே வரைகின்றன.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. 'கொ' நம்ம கண்ணுக்கு ஒரு எழுத்து. யூனிகோடில் அது 'க'வும் ஒகரக் குறியும் சேர்ந்த இரண்டு. அம்புக்குறி அதை ஒரே தாவாகத் தாண்டும். பேக்ஸ்பேஸோ குறியை மட்டும் அழித்துவிட்டு 'க'வை விட்டுவைக்கும். 'கொடி' 'கடி' ஆகிவிடும். கர்சர் தெரிந்தால் உடனே திருத்தலாம். தெரியாவிட்டால் பிழை அங்கேயே கிடக்கும்.

மினுங்கும் கர்சருக்குக் காப்புரிமை கேட்டு 1967இல் விண்ணப்பித்தவர் சார்ல்ஸ் கீஸ்லிங் என்ற அமெரிக்கப் பொறியியலாளர். மினுங்கினால்தானே எழுத்துக் கூட்டத்துக்குள் கண்ணில் படும். அன்றைக்கு ராத்திரி அந்த மினுங்கலின் அருமை எங்களுக்கு நன்றாகவே விளங்கியது.

டார்க் மோடை ஓஃப் பண்ணினோம். காம்பரா பூராவும் வெளிச்சம். அம்மா புரண்டு படுத்து, "இன்னும் முடியலையா?" என்றார். லெப்டொப்பைத் தூக்கிக்கொண்டு இஸ்தோப்புக்கு வந்தோம். கோப்பின் பழைய பதிப்புகளைத் திறந்து, பத்தரைக்கு முந்தியதோடு ஒவ்வொரு வரியாக ஒப்பிட்டோம். மூணு இடத்தில் பிழை. அப்பாயியின் 'ல'வைக் கடைசியாகத் திருப்பிப் போட்டோம்.

நாடில்லாமல் மிச்சமிருந்தவர்களுக்கும் பிரஜாவுரிமை கொடுக்கிற சட்டம் 2003இல்தான் வந்தது. அந்த 'ல'வை எடுக்க நாட்டுக்கு 55 வருசம். எங்கள் விரல் ஒரே தட்டில் எடுத்துவிட்டது, அதுவும் நாங்கள் பார்க்காமலேயே.

இப்போதெல்லாம் கோப்பைத் திறந்ததும் எழுதத் தொடங்குவதில்லை. முதலில் கர்சர் எங்கே என்று தேடுகிறோம். அடுத்தவர் சொன்னதை எழுதும்போது கட்டாயமாக.