ஆனைக்கொய்யாவுக்கு ஒரு தனிக்கத்தி

அவகாடோ வெட்டுவதற்கென்றே கருவி விற்கிறார்கள் என்றால் எங்கட வீடுகளில் முதலில் சிரிப்பார்கள். ஆனால் ஒன்றல்ல, ஒரு குடும்பமே இருக்கிறது. ஒரு நுனியில் பிளாஸ்டிக் கத்தி, நடுவில் கொட்டையைக் கவ்வும் பற்கள், மறு நுனியில் சதையைக் கீற்றுக் கீற்றாக வழித்தெடுக்கும் தகடுகள் என்று மூன்று வேலையையும் பார்க்கும் சாமான் ஒன்று. மசிக்க வேறொன்று. மிச்சப் பாதியை வைக்க, பழத்தின் வடிவிலேயே மூடி போட்ட பெட்டி இன்னொன்று. இதில் முதலாவது, கனடாவில் இருக்கும் ஒரு சித்தியின் பார்சலில் சொக்லேட்டுகளுக்கு நடுவே எங்கட அறைக்கு வந்து சேர்ந்தது.

நாங்கள் பேராதனையில் கலைப்பீடத்தில் படிக்கும் நாலு பேர். ஒரு போடிங் அறை, ஒரு ரைஸ் குக்கர், ஒரு கத்தி. இந்தச் சாமானை ஒன்லைனில் தேடிப் பார்த்தோம், பத்துப் பன்னிரண்டு அமெரிக்க டொலர். எங்கட காசுக்கு 3,000 ரூபாயைத் தாண்டும். மகாபொல 2025 இல்தான் 5,000 ரூபாயிலிருந்து 7,500 ஆனது. ஆகவே ‘வாங்கலாமா’ என்ற கேள்வி எங்களுக்குப் பொழுதுபோக்குக் கேள்வி இல்லை. இலவசமாக வந்தபடியால் நல்லாகவே சோதித்துப் பார்த்தோம்.

முதல் சிக்கல் அளவு. இந்தக் கருவிகள் ஹாஸ் என்ற இனத்தை நினைத்துச் செய்யப்பட்டவை. கலிபோர்னியாவில் ருடோல்ஃப் ஹாஸ் என்ற தபால்காரர் தன்ர தோட்டத்தில் வளர்த்து 1935 இல் காப்புரிமை எடுத்த மரத்தின் வழி வந்த பழம் அது. சின்னது, சொரசொரத்த தோல், பழுத்தால் கறுத்துவிடும், உள்ளங்கைக்குள் அடங்கும். கண்டிச் சந்தையில் நாங்கள் வாங்குவது அப்படியா? பொலொக் மாதிரி இனங்களில் ஒரு பழமே ஒரு சாப்பாட்டுக் கோப்பையை நிரப்பும். அதன் கொட்டைக்கு முன்னால் அந்தப் பற்கள் பால்பற்கள். தகடுகளை வைத்து இழுத்தால் நடுவில் நாலு கீற்று வரும், இரண்டு பக்கமும் சதை அப்படியே தோலோடு நிற்கும். பிறகு கரண்டியால் சுரண்ட வேண்டும். கரண்டியை எடுத்த பிறகு மற்றது எதற்கு?

கொட்டை எடுக்கவும் எங்களுக்குப் பல் தேவையில்லை. இந்தப் பெரிய இனங்கள் பலதில் பழுத்ததும் கொட்டை உள்ளே கழன்று ஆடும். காதுக்குப் பக்கத்தில் வைத்துக் குலுக்கிப் பார்த்து வாங்குகிற ஆச்சிமாரைக் கண்டிருப்பீர்கள். பிளந்து ஒரு தட்டுத் தட்டினால் தானாக விழும்.

பெயரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் இதை முந்தி அலிகேட்டர் பெயார் என்றார்கள். சிங்களத்தில் அலிகெட்ட பேர. அலி என்றால் யானை, பேர என்றால் கொய்யா. தமிழில் ஆனைக்கொய்யா. முதலை கடல் தாண்டி வந்து யானையாகிவிட்டது.

இன்னொன்று, கீற்று எங்களுக்கு எதற்கு? கீற்று பாணுக்கு மேல் அடுக்கிப் படம் எடுக்கிறவர்களுக்கு. நாங்கள் சீனி போட்டுக் கரண்டியால் கிண்டிச் சாப்பிடுவோம், மாத முதல் கிழமை என்றால் ரின்பால் ஊற்றுவோம், இல்லையென்றால் ஜூஸ். மசிந்து போகப் போகிற பழத்தை அழகாக வெட்டி ஒருவருக்கும் பிரயோசனம் இல்லை. பெட்டியும் அப்படித்தான். சதை கறுப்பது காற்றிலுள்ள ஒட்சிசன் பட்டு நொதியம் வேலை செய்வதால். பெட்டிக்குள்ளும் காற்று இருக்கிறதே! தேசிக்காய்ப் புளி பூசி, பொலித்தீனைச் சதையோடு ஒட்ட மூடினால் அதைவிட நல்லாக நிற்கும். நாலு பேர் இருக்கும் அறையில் பாதி மிஞ்சுவது வேறு கதை.

கருவிக்குச் சார்பாகச் சொல்லக்கூடியது ஒன்றே ஒன்று, பாதுகாப்பு. பழத்தைக் கையில் ஏந்திக்கொண்டு கொட்டையைக் கத்தியால் குத்தி உள்ளங்கையைக் கிழித்துக்கொள்வது மேற்கு நாடுகளில் ‘அவகாடோ கை’ என்று பெயர் வைக்கும் அளவுக்கு நடக்கிறது. 2017 இல் பிரித்தானியாவில் சத்திரசிகிச்சை நிபுணர்கள் பழத்தில் எச்சரிக்கை ஒட்டலாமே என்றுகூடக் கதைத்தார்கள். அதற்கும் மருந்து இலேசு. பழத்தைப் பலகையில் வைத்து வெட்டுங்கோ, கையில் வைத்து வேண்டாம்.

நாங்கள் கருவிகளுக்கு எதிரிகள் இல்லை. மேசையில் பூட்டிச் சுற்றுகிற தேங்காய்த் திருவலை எத்தனை அம்மாமாரின் முதுகைக் காப்பாற்றியது! ஒவ்வொரு நாளும் செய்கிற, உடம்பை முறிக்கிற வேலைக்கு வருகிற சாமானுக்கு 3,000 என்ன, 10,000 உம் கொடுக்கலாம். ஆனால் எங்கட வீடுகளிலேயே புதுப் போன் ஒரு நாளில் வரும், அம்மா கேட்ட கிரைண்டருக்கு மட்டும் வருடக்கணக்காக யோசிப்பார்கள். அவகாடோ மாதத்தில் இரண்டு தரம் வெட்டுகிற பழம்.

எங்களில் ஒருத்திக்கு பதுளைப் பக்கம் தோட்டத்தில் வீடு. லயத்துக்குப் பின்னால் ஆனைக்கொய்யா மரம் நிற்கிறது. காய் பிடித்ததும் வியாபாரி வந்து மரத்தோடு ஒரு விலை பேசிவிட்டுப் போவார். சந்தையில் பழம் என்ன விலைக்குப் போனாலும் அந்த விலை ஏறாது. அணில் கொத்தி விழுந்ததுதான் வீட்டுக்கு. கடந்த விடுமுறைக்குப் போகும்போது அவள் இந்தச் சாமானை விளையாட்டாகக் கொண்டு போனாள். “இதுக்குமாடி மிஷினு? கரண்டி இல்லியா?” என்றாராம் அப்பாயி.

ஆனால் அப்பாயி அதைத் திருப்பித் தரவில்லை. சின்ன வயதிலிருந்து கொழுந்து கிள்ளிய கை. விரல்கள் இப்போது முழுதாக மடங்காது. மெல்லிய கத்திப்பிடியை இறுக்கிப் பிடிக்க முடியாமல், பழமென்றால் யாராவது வரும்வரை காத்திருப்பவர். இந்தச் சாமானின் பிடி தடிப்பு, ரப்பர் போட்டது, வழுக்காது. பிளாஸ்டிக் நுனி பழுத்த பழத்துக்குப் போதும், கையை வெட்டாது. இதை வடிவமைத்தவர்கள் யாரை நினைத்துச் செய்தார்களோ, பொருந்தியது அந்தக் கைக்கு. 3,000 ரூபாய் கொடுத்து அவருக்கு வாங்குவோமா என்று எங்களுக்குள் ஒரு இரவு முழுக்க வாதம் நடந்தது. இரண்டு பேர் ஓம் என்றார்கள், இரண்டு பேர் அந்தக் காசுக்கு விரலை டொக்டரிடம் காட்டலாம் என்றார்கள்.

இப்போது அப்பாயி அதால் பப்பாசி வெட்டுகிறார், பாணுக்கு மாஜரின் பூசுகிறார். தகடு உள்ள பக்கம் துணி சுற்றிக் கட்டியிருக்கிறதாம்.