வலியில்லாத வீக்கமும் ஒரு சுண்டெலியும்

இளவட்டப் பசங்க இதை முழுசா படிங்க. அம்மாக்களும் படிக்கலாம், தப்பில்ல.

1953. அமெரிக்காவின் ஜாக்சன் ஆய்வகத்தில் லீராய் ஸ்டீவன்ஸ் வேலைக்குச் சேர்றார். சிகரெட் கம்பெனி காசில், கெடுதல் சிகரெட்டைச் சுத்துற தாளில் இருக்கான்னு பார்க்கிற வேலை! அப்போ '129'ங்கிற வகைச் சுண்டெலி ஒண்ணுக்கு விரைப்பை வீங்கியிருக்கு. அறுத்துப் பார்த்தா எலும்பு, தசை, முடின்னு எல்லாம் குழம்பிக் கிடக்கிற ஒரு கட்டி. டெரட்டோமா.

அந்த வகையில் நூறு ஆண் எலியில ஒண்ணுக்குத்தான் இது வரும். மனுஷன் சிகரெட் தாளை விட்டுட்டு இதைப் பிடிச்சுக்கிட்டார். வருஷக்கணக்கா இனம் பெருக்கினதில் ஒரு கிளையில் கட்டி சரசரன்னு கூடுச்சு. 'டெர்'னு பேர் வச்ச ஒரு மரபணுப் பிழைதான் காரணம். பெற்றோர் இருவரிடமிருந்தும் அது வந்துட்டா, அந்த 129 ஆண் எலிகளில் நூற்றுக்கு 94-க்கு கட்டி.

எந்த மரபணுன்னு தெரிய 2005 ஆச்சு. அதோட பேர் டிஎன்டி1, அதாவது 'டெட் எண்ட்'. வரிக்குதிரை மீனில் முதல்ல கண்டுபிடிச்சப்ப வச்ச பேர். பிழையால புரதம் செய்ற கட்டளை பாதியிலேயே நின்னுடுது. நல்ல டிஎன்டி1-ஐ எலிக்குள்ள சேர்த்ததும் விந்தணுவுக்கு மூலமான செல்கள் மறுபடி பிழைச்சுது. அதுதான் உறுதியான ஆதாரம்.

அந்தப் புரதத்துக்கு என்ன வேலை? டிஎன்ஏ வீட்டுப் பத்திரம்னா, ஆர்என்ஏ ஜெராக்ஸ். அந்த ஜெராக்ஸை அடக்கி வைக்க மைக்ரோ ஆர்என்ஏன்னு குட்டி ஆட்கள் வருவாங்க. டிஎன்டி1 ஜெராக்ஸ் மேலேயே உட்கார்ந்து அவங்களை நெருங்க விடாதுன்னு 2007-ல் காட்டினாங்க. அது இல்லாட்டி மூல செல்கள் செத்துப்போகும். 129 எலியில தப்பிச்சது தறிகெட்டுக் கட்டியாகும். வேற வகை எலின்னா கட்டி வராது, மலட்டுத்தன்மை மட்டும்தான். ஒரே பிழை, வேற வேற விளைவு!

மனுஷங்க கட்டியில இந்தப் பிழையைத் தேடினாங்க, ரொம்ப அபூர்வம். அதனால 'டிஎன்டி1 டெஸ்ட் எங்க எடுக்கலாம் டாக்டர்'னு கேட்காதீங்க.

கேட்க வேண்டியது வேற. விரைப் புற்று 15-லிருந்து 35 வயசுக்குள்ளதான் அதிகம் வருது. பெரும்பாலும் வலிக்காது. வெட்கப்பட்டு மாசக்கணக்கா லுங்கிக்குள்ள மறைச்சு வச்சிருந்து வர்ற பையனைப் பார்த்தா எனக்குக் கோபம்தான் வரும். சீக்கிரம் வந்தா முழுசா குணமாக்கக்கூடிய புற்றுநோய்ங்க இது! பரவின பிறகும் பலரைக் காப்பாத்த மருந்து இருக்கு. சின்ன வயசில் விரை கீழே இறங்காம இருந்தவங்க இன்னும் கவனமா இருக்கணும்.

குளிக்கும்போது தடவிப் பாருங்க. கெட்டியா ஏதாவது தட்டுப்பட்டா அரசு மருத்துவமனை அறுவை சிகிச்சை ஓபிக்கு வாங்க, ஸ்கேன் எடுத்துப் பார்த்துடலாம். டாக்டரைத் தனியா பார்க்கணும்னு சொன்னா போதும், சீட்டுல வேற எதுவும் எழுத வேண்டாம்.